மார்க் வாங்குற பசங்களுக்கும் ஜியாகிரபி புரியலன்னா, எங்க பார்க்கணும்?

எட்டாவது ஒன்பதாவது படிக்கிற பசங்ககிட்ட கோடைக்காலம் ஏன் வருதுன்னு கேட்டுப் பாருங்க. எழுதச் சொல்லாதீங்க, வாயால சொல்லச் சொல்லுங்க. "அப்போ பூமி சூரியனுக்குக் கிட்ட போயிடுது, அதான் சூடு"ன்னு சொல்றவங்க நிறைய பேர் இருப்பாங்க. பரீட்சையில பூமியோட அச்சு 23.5 டிகிரி சாஞ்சிருக்குன்னு எழுதி முழு மார்க் வாங்கின பிள்ளைங்களும் அதுல உண்டு! சரியான பதில் பேப்பருக்கு, தப்பான படம் மண்டைக்குன்னு ரெண்டும் தனித்தனியா இருக்கு. இந்த பாடத்தை நடத்துறவங்களும் வீட்ல படிக்க வைக்கிற அப்பா அம்மாவும் இதை அவசியம் கவனிக்கணும்.

உண்மையில பூமி சூரியனுக்கு ரொம்பக் கிட்ட இருக்கறது ஜனவரி தொடக்கத்துல, சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ரொம்ப தூரத்துல இருக்கறது ஜூலை தொடக்கத்துல, சுமார் 15.2 கோடி. இந்த ரெண்டு நம்பரையும் போர்டுல எழுதி, பக்கத்துலயே ஜனவரியில வடக்குப் பாதி உலகத்துக்குக் குளிர், தெற்குப் பாதிக்குக் கோடைன்னு எழுதிட்டு நான் எதுவும் பேசாம நிப்பேன். கொஞ்ச நேரத்துல யாராவது ஒரு பிள்ளை "அப்போ தூரம் காரணம் இல்லையா"ன்னு கேட்கும், அதுக்கப்புறம்தான் டார்ச்சை எடுக்கறது. கிராஃப் ஷீட்டுக்கு நேரா டார்ச் அடிச்சு வெளிச்சம் விழுற இடத்தைச் சுத்தி பென்சில்ல கோடு போட்டு எத்தனை கட்டம்னு எண்ணச் சொல்லணும், அப்புறம் ஷீட்டை சாய்ச்சுப் பிடிச்சு மறுபடியும் எண்ணச் சொல்லணும். கட்டம் கூடிடும், ஆனா வெளிச்சம் அதே அளவுதான், அதனால ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைக்கிற பங்கு குறையுதுன்னு அவங்களே சொல்லிடுவாங்க. ஒண்ணு மட்டும் கவனம், ரெண்டு தடவையும் டார்ச் ஒரே தூரத்துல இருக்கணும், கொஞ்சம் தள்ளிப் பிடிச்சாலும் பசங்க மனசுல அந்த பழைய தூரக் கதை இன்னும் கெட்டியா உட்கார்ந்துக்கும். பூமி சாஞ்சிருக்கறதால வெயில் கோடையில நேராவும், குளிர்காலத்துல இந்த சாய்ச்ச ஷீட்ல மாதிரி சாய்வாவும் விழுது, அதான் காரணம். அதே சாய்வால பகல் நேரமும் நீளுது, சுருங்குதுங்கறதை அடுத்த பீரியட்ல சேர்த்துக்கலாம்.

இன்னொரு பெரிய குழப்பம் மேப்ல "மேல" இருக்கறது. வடக்கு மேல இருக்குன்னு சின்ன வயசுலேர்ந்து பழகினதால மேலன்னா உயரம்னு பசங்க அவங்களாவே முடிவு பண்ணிடறாங்க, அதனால ஆறுன்னா வடக்குலேர்ந்து தெற்கே இறங்கித்தான் ஓடணும்னு நம்பறாங்க. நைல் நதி வடக்கே ஓடுதுன்னு சொன்னா தண்ணி எப்படி மேல ஏறும்னு நிஜமாவே கேட்பாங்க. நல்ல கேள்விங்க அது, திட்டிடாதீங்க. நைல் கிளம்புற பக்கம் இருக்கற விக்டோரியா ஏரி கடல் மட்டத்துக்கு 1,100 மீட்டருக்கு மேல இருக்கு, அது போய்ச் சேருற மத்தியதரைக் கடல் கடல் மட்டத்துலயே இருக்கு, இப்போ தண்ணி எங்க போகும்னு திருப்பிக் கேளுங்க. அது புரிஞ்சதும் நான் சைபீரியாவுக்குக் கூட்டிட்டுப் போவேன். ஓப், யெனிசெய், லேனா மூணுமே வடக்கே ஓடி ஆர்க்டிக் பெருங்கடல் பக்கம் போய்ச் சேருற ஆறுகள், குளிர்காலத்துல உறைஞ்சு கிடக்கும். வசந்தம் வந்தா முதல்ல எந்தப் பக்கம் உருகும்? தெற்குப் பக்கம், அதாவது ஆறு கிளம்புற பக்கம். வடக்கே கடலை ஒட்டின பகுதி இன்னும் ஐஸா இருக்கும்போது தெற்கே உருகின தண்ணி வந்தா என்ன ஆகும்னு கேட்டுட்டு விட்டுடணும். வெள்ளம்ங்கற பதிலை பசங்களே கண்டுபிடிச்சு சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்கணும், எனக்கு இந்த பாடத்துல ரொம்பப் பிடிச்ச நேரம் அதுதான்.

மேப்ல ஒரே உயரத்துல இருக்கற இடங்களைச் சேர்த்துப் போடுற சம உயரக் கோடு பல பேருக்கு வெறும் வளைஞ்ச கோடுதான். கையை முஷ்டியா மடக்கச் சொல்லி, விரல் முட்டியைச் சுத்தி ஒரே உயரத்துல பேனாவால வளையம் வளையமா போடச் சொல்லுங்க, அப்புறம் கையை விரிச்சு மேல இருந்து பார்க்கச் சொல்லுங்க. கோடு நெருக்கமா வந்த இடம் செங்குத்து, விலகின இடம் சரிவு கம்மின்னு அவங்க கையிலயே தெரிஞ்சிடும்.

உலக மேப்பை மாட்டும்போது பக்கத்துல ஒரு குளோபும் இருக்கட்டும். 1569ல மெர்கேட்டர்ங்கறவர் உலகத்தைத் தட்டையா வரையப் போட்ட முறை கப்பல் ஓட்டறவங்களுக்கானது, திசை சரியா வரும், பரப்பளவு வராது. அதுல கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே சைஸ்ல தெரியும், நிஜத்துல ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரிசு.

இதெல்லாம் மார்க்குக்காக மட்டும் இல்லங்க. 2004 டிசம்பர் 26 சுனாமி அன்னிக்கு தாய்லாந்துல ஃபுக்கெட் கடற்கரையில லீவுக்கு வந்திருந்த ஒரு 10 வயசு இங்கிலாந்து பொண்ணு, கடல் தண்ணி நுரைச்சுட்டு வித்தியாசமா நடந்துக்கறதைப் பார்த்து, ரெண்டு வாரம் முன்னாடி ஜியாகிரபி கிளாஸ்ல படிச்சது ஞாபகம் வந்து அப்பா அம்மாகிட்ட அடம்பிடிச்சு சொன்னதால கடற்கரையில இருந்தவங்களை வெளியேத்தினாங்க, நிறைய உயிர் பிழைச்சது. சுனாமி பாடம் எடுக்கும்போது இதைச் சொல்லிட்டு, கடல் உள்வாங்கினாதான் சுனாமின்னு இல்ல, உள்வாங்காமலேயும் வரலாம், கடலோரத்துல பலமா நில அதிர்வு தெரிஞ்சாலே மேட்டுக்கு ஓடணும்னு கண்டிப்பா சேர்த்துச் சொல்லுங்க.

தலைநகரம், ஆறு, மலைன்னு பேர் மனப்பாடம் பண்றது வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன், பேர் தெரியாம எதைப் பத்தியும் யோசிக்க முடியாது. ஆனா பேரோட நிறுத்தாதீங்க. தென் அமெரிக்காவுல அட்டகாமா பாலைவனம்னு பிள்ளை சொன்னா, கடல் பக்கத்துலயே இருந்தும் ஏன் மழை இல்லன்னு கேளுங்க, அதுக்குக் காரணமான ஆண்டிஸ் மலையும் குளிர்ந்த ஹம்போல்ட் கடல் நீரோட்டமும் அட்லஸ்லயே இருக்கு, தேடட்டும். பதில் தப்பா வந்தா உடனே திருத்தாம "எப்படி அப்படி நினைச்சே"ன்னு ஒரு தடவை கேட்டுட்டுத் திருத்துங்க. டெஸ்ட் பேப்பர்லயும் கிளாஸ்ல காட்டாத ஒரு மேப்பை குடுத்து, இங்க ஊர் அமைக்கணும்னா எங்க அமைப்பே, ஏன்னு ஒரு கேள்வியாவது வையுங்க. எந்த இடம்ங்கறதுக்கு மார்க் கம்மியா போடுங்க, ஏன்ங்கறதுக்கு அதிகமா போடுங்க.