பட்டியலில் பெயர் இல்லை என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள்: உணவுக்கான அரச உதவிகளை எப்படிக் கேட்பது

விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) போய், இலங்கை அரசு வறிய குடும்பங்களுக்கு மாதாமாதம் தருகிற அஸ்வெசும கொடுப்பனவின் பட்டியலைப் பார்த்து, "உங்கட பெயர் வரேல்லை அக்கா" என்ற பதிலோடு திரும்பி வருகிறவர்களில் பலர் அதற்குப் பிறகு எதுவும் செய்வதில்லை. கிடைக்கவில்லை, விதி, அவ்வளவுதான் என்று இருந்துவிடுகிறார்கள். ஆனால் சட்டப்படி பார்த்தால் நீங்கள் கேட்கவேண்டிய இடம் அங்கேதான் தொடங்குகிறது. இந்தப் பணமும் கிளினிக்கில் தருகிற திரிபோஷா சத்துமாவும் பள்ளிக்கூடத்துச் சாப்பாடும் யாரோ இரக்கப்பட்டுத் தருகிற பிச்சை இல்லை. நாங்கள் சீனிக்கும் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கட்டுகிற வரியிலிருந்து வருவது, அதனால் தலை நிமிர்ந்து கேட்கலாம்.

முதலில் அஸ்வெசும. 2023 ஜூலையில், அதற்கு முன்பு வறிய குடும்பங்களுக்குக் கொடுத்துவந்த சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு இது வந்தது. இதற்குச் சட்ட அடிப்படை 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம், நடத்துவது நலன்புரி நன்மைகள் சபை. குடும்பங்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள்: மிகவும் வறியவர்கள், வறியவர்கள், பாதிக்கப்படக்கூடியவர்கள், நிலைமாறும் நிலையில் உள்ளவர்கள். தொடக்கத்தில் மாதம் 15,000, 8,500, 5,000, 2,500 ரூபா என்று இருந்தது. 2025 ஜனவரியிலிருந்து மிகவும் வறிய குடும்பத்துக்கு 17,500, வறிய குடும்பத்துக்கு 10,000 என்று கூட்டினார்கள். கடைசி இரண்டு வகைக்கும் பணம் ஆரம்பத்திலிருந்தே காலம் குறித்துத்தான் கொடுக்கப்பட்டது, இடையிடையே நீடித்தார்கள். "போன வருசம் வந்தது, இப்ப நிண்டுபோச்சு" என்று சொல்கிறவர்கள், தாங்கள் எந்த வகையில் இருந்தோம் என்பதை முதலில் கேட்டறியவேண்டும். பணம் நின்றதற்குக் காரணம் காலம் முடிந்ததாகவும் இருக்கலாம், வங்கிக் கணக்கில் உள்ள பிழையாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் செய்யவேண்டியது வேறு வேறு.

யார் எந்த வகை என்பதை ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போட்டு முடிவு செய்கிறார்கள். கல்வி, சுகாதாரம், வருமான நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்பவைதான் அந்த ஆறு. வீட்டின் சுவர் எதனால் கட்டியது, எவ்வளவு மின்சாரம் பாவிக்கிறீர்கள், காணி வாகனம் இருக்கிறதா, நாட்பட்ட நோயாளி இருக்கிறாரா, பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் போகாத பிள்ளை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் யாழ்ப்பாணத்தில் இது இடறுகிற இடம் ஒன்று உண்டு.

போருக்குப் பிறகு மீளக் குடியேறிய சனத்துக்கு இந்திய வீட்டுத்திட்டத்திலும் வேறு திட்டங்களிலும் வீடு கிடைத்தது. கல்வீடு, சீமெந்துத் தரை, ஓட்டுக்கூரை. கொடுத்த காசு காணாமல் நகை அடைவு வைத்தும் நுண்கடன் எடுத்தும் கட்டி முடித்தவர்கள் எத்தனையோ பேர். அந்த வீட்டுக்குள் கணவரை இழந்த ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடும் வயது போன தாயோடும் இருப்பார், அடுப்பு ஒரு நேரம்தான் எரியும். கணக்கெடுக்க வருகிறவர் சுவரைப் பார்த்துப் புள்ளி போட்டுவிட்டுப் போவார். கடன் சுவரில் தெரியாது. அதேபோல வெளிநாட்டில் ஒரு தமையன் இருக்கிறார் என்பதற்காக "உங்களுக்கு என்ன குறை" என்று கேட்கிற ஊர் இது. அந்தத் தமையன் காசு அனுப்பிப் பல வருடம் ஆகியிருக்கலாம், கேட்கிறவருக்கு அது தெரியாது. குருநகரிலோ வேலணையிலோ கடலை நம்பி இருக்கிற குடும்பத்துக்கு ஒரு மாதம் கை நிறைய வரும், அடுத்த மாதம் வலை அறுந்தால் கடன்தான் மிச்சம். எந்த மாதத்தில் கணக்கெடுத்தார்களோ அதுதான் பதிவில் நிற்கும்.

ஆகவே மேன்முறையீடு செய்யுங்கள். 2023இல் முதல் பட்டியல் வந்தபோது நாடு முழுக்க 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் போனது, அதன் பிறகு பலர் சேர்க்கப்பட்டார்கள் என்பது பட்டியலில் எவ்வளவு விடுபட்டிருந்தது என்பதைக் காட்டுகிறது. மேன்முறையீட்டுக்கான காலத்தைச் சபை அவ்வப்போது அறிவிக்கும். அந்தக் காலம் திறந்திருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் உள்ள நலன்புரி நன்மைகள் பிரிவில் கேளுங்கள், அல்லது 1924 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். இணையத்திலும் போடலாம். ஆனால் வயதானவர்கள், இணையம் பழக்கமில்லாதவர்கள் நேரே கந்தோருக்குப் போவதுதான் நல்லது.

போகும்போது வாயால் "நாங்கள் கஷ்டப்பட்ட ஆக்கள்" என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். அவர்கள் புள்ளி போடுகிற விடயங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் கொடுங்கள். நாட்பட்ட நோய் என்றால் கிளினிக் கொப்பியின் பிரதி, மாற்றுத்திறனாளி இருந்தால் வைத்திய சான்று, கணவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால் அதற்கு உங்களிடம் உள்ள பத்திரம், மின்கட்டணப் பட்டியல், அடைவு வைத்த பற்றுச்சீட்டு. வீடு திட்டத்தில் கிடைத்தது என்றால் அதைக் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் "கிடைத்தது" என்று திகதியோடு முத்திரை குத்தி வாங்கிக் கையில் வைத்திருங்கள். இந்த ஒரு துண்டு இல்லாததால் மூன்று மாதம் கழித்துப் போய் "அப்படி ஒரு கடிதம் வரவில்லையே" என்று கேட்டுத் திரும்புகிற சனத்தைப் பார்க்க வயிறு எரிகிறது. கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம், வடக்கில் நிருவாக மொழி தமிழ். ஆங்கிலம் தெரிந்த ஆளைத் தேடி அலையத் தேவையில்லை.

சரி, பதிலே வரவில்லை என்றால்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "எனது குடும்பம் எந்தக் குறிகாட்டிகளில் எத்தனை புள்ளி பெற்றது, ஏன் தெரிவாகவில்லை" என்று தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்கவேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

வங்கிப் பக்கத்திலும் ஒரு சொல். பெயர் வந்தும் காசு வராதவர்களுக்குப் பெரும்பாலும் அடையாள அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயர் வேறு வேறாக இருக்கும், அல்லது கணக்கு விபரம் பிரதேச செயலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. கணக்கு, தெரிவான குடும்ப உறுப்பினரின் பெயரிலேயே இருக்கவேண்டும். அடையாள அட்டை தொலைத்தவர்கள் அதை முதலில் எடுங்கள், அது இல்லாமல் மற்ற எதுவும் நகராது.

குடும்பக் கொடுப்பனவுக்கு வெளியே தனி வகைகளும் உண்டு. 70 வயதைத் தாண்டிய குறைந்த வருமானமுள்ள முதியவருக்கு மாதம் 5,000 ரூபா, மாற்றுத்திறனாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் 10,000 ரூபா என்று 2025 வரவு செலவுத் திட்டத்தில் கூட்டினார்கள். தீவகத்தில் பிள்ளைகள் எல்லோரும் போய், தனியே இருக்கிற அம்மம்மாக்கள் பலருக்கு இந்த 5,000 பற்றிச் சொல்ல ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் சொல்லவேண்டும்.

கர்ப்பிணித் தாய்மாருக்கு: குடும்பநல உத்தியோகத்தரிடம், எங்கள் ஊர் வழக்கில் மிட்வைஃப் அம்மாவிடம், எவ்வளவு கெதியாகப் பதிகிறீர்களோ அவ்வளவு நல்லது. மாதம் 4,500 ரூபாப்படி 10 மாதத்துக்கு, மொத்தம் 45,000 ரூபாவுக்குப் போசாக்கு உணவுப் பொருள் வாங்குகிற திட்டம் இருக்கிறது. பிந்திப் பதிந்தால் மாதங்கள் குறையக்கூடும். அதோடு திரிபோஷா. சோளம், சோயா, பால்மா கலந்து 1970களிலிருந்து இலங்கையில் கொடுக்கப்படுகிற சத்துமா இது, 750 கிராம் பைக்கற், ஒருவருக்கு மாதம் இரண்டு. கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கிற தாய்மாருக்கு ஆறு மாதம் வரைக்கும், நிறை குறைந்த 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் உரியது. இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். வீட்டில் உள்ள எல்லாருக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டால் எந்தப் பிள்ளைக்காகக் கொடுத்தார்களோ அந்தப் பிள்ளையின் நிறை ஏறாது. தாயைக் குறை சொல்ல முடியாது, பசித்த மூத்த பிள்ளைக்கு முன்னால் எந்தத் தாயால் பைக்கற்றை ஒளிக்க முடியும்? அந்த வீட்டுக்கு முழுக் குடும்பத்துக்கும் உணவு போகவேண்டும் என்பதுதான் அதன் பொருள். நிறை போடுகிற நாளைத் தவறவிடாதீர்கள், பிள்ளையின் புத்தகத்தில் நிறைக் கோடு இறங்குவது தெரிந்தால்தான் அவர்கள் அடுத்த உதவியை எழுதுவார்கள்.

பள்ளிக்கூடச் சாப்பாடு 2024 மார்ச்சிலிருந்து அரச பாடசாலைகளில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிக்கப்பட்டது. எல்லோருக்கும் என்பதுதான் இதில் பெரிய விடயம். யார் ஏழை யார் பணக்காரன் என்று வகுப்பில் பிரித்துக் கூப்பிடுவதில்லை, ஒரே தட்டில் ஒரே சோறு. பிள்ளை வெட்கப்படாமல் சாப்பிடுகிறது, வரவும் கூடுகிறது. சமைத்துக் கொடுக்கிற அம்மாமாருக்குக் காசு பிந்திப் போகிற பிரச்சினை பல இடங்களில் உண்டு. அந்தக் காசு நேரத்துக்கு வராவிட்டால் முதலில் குறைவது தட்டில் உள்ள முட்டைதான், ஆகவே பெற்றோர் சங்கக் கூட்டத்தில் அதைக் கேளுங்கள்.

இனி நான் உண்மையில் சொல்லவந்த விடயம். இந்த உதவிகள் எல்லாம் தேவை, ஆனால் போதாது. கணக்கைப் பாருங்கள். 2024 டிசம்பரில் அரசு நாட்டரிசிக்கு வைத்த உச்ச சில்லறை விலை கிலோ 230 ரூபா. நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு மாதம் 9 கிலோ என்றால் 36 கிலோ, அதற்கே 8,280 ரூபா. வறிய குடும்பத்துக்குத் தருகிற 10,000இல் மிஞ்சுவது 1,720. அதில் பருப்பு, தேங்காய், மீன், விறகு, மருந்து, பிள்ளையின் கொப்பி என்று எதை வாங்குவது? 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்துக்குப் போனது. அதற்குப் பிறகு விலை ஏறுகிற வேகம் குறைந்தது, சில மாதங்களில் கொஞ்சம் இறங்கவும் செய்தது, ஆனால் நெருக்கடிக்கு முந்திய விலைக்குத் திரும்பவில்லை.

இது முன்பும் நடந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தொடங்கிய அரிசிப் பங்கீட்டில் வாங்கிக்கொண்டிருந்த சனத்துக்கு, 1953இல் ஒரு படி அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியபோது நாடே ஹர்த்தாலில் நின்றது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1979இல் பங்கீட்டை நிறுத்திவிட்டு உணவு முத்திரை கொடுத்தார்கள். முத்திரையில் அச்சடித்த தொகை அப்படியே நின்றது, கடையில் விலை ஏறியது, சில வருடங்களுக்குள் அதன் வாங்கும் சக்தி பாதிக்குக் கிட்ட தேய்ந்துபோனது. இன்றைய அஸ்வெசும தொகைக்கும் அதே ஆபத்து இருக்கிறது. விலைவாசியோடு சேர்ந்து தொகையும் தானாக ஏறுகிற விதி வேண்டும், தேர்தல் வரும்வரை காத்திருக்கிற விதி வேண்டாம்.

இன்னொன்று, யாழ்ப்பாணத்தில் சங்கக்கடை இருக்கிறது. இடம்பெயர்ந்த காலத்தில் நிவாரண அட்டைக்கு அரிசியும் மாவும் பருப்பும் சீனியும் கொடுத்தது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள்தான். அந்தக் கட்டடங்களும் களஞ்சியங்களும் பல ஊர்களில் இன்னும் நிற்கின்றன. கிளிநொச்சி நெல்லை அரசு நல்ல விலைக்கு வாங்கி, குற்றி, சங்கக்கடையூடாகக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் விவசாயிக்கும் நன்மை, சாப்பிடுகிறவருக்கும் நன்மை. காசாகக் கொடுப்பது கூடாது என்று நான் சொல்லவில்லை. காசோடு அரிசியும் இருக்கட்டும், அதுவும் புள்ளி போட்டு வடிகட்டாமல் கேட்கிற குடும்பத்துக்குக் கொடுக்கட்டும். வசதியானவன் பங்கீட்டு அரிசிக்கு வரிசையில் நிற்கமாட்டான்.

"இலவசம் கொடுத்தால் சனம் வேலைக்குப் போகாது" என்று சொல்கிறவர்கள் உண்டு. 10,000 ரூபாவில் நாலு பேர் எத்தனை நாள் இருந்து சாப்பிடலாம் என்று மேலே உள்ள கணக்கை அவர்களுக்குக் காட்டுங்கள். வெங்காயத் தோட்டத்தில் குனிந்து களை பிடுங்குகிற பெண்ணுக்குக் காலையில் சாப்பாடு இருந்தால் வேலை கூடும், குறையாது. எங்கள் அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை போதிய உணவை அரசின் இலக்காக எழுதி வைத்திருக்கிறது. அதை வைத்து நீதிமன்றத்தில் வழக்குப் போடமுடியாது என்று 29ஆம் உறுப்புரை சொல்கிறது. வழக்குப் போடமுடியாது என்றால் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் வழி.

கேட்பதைத் தனியே செய்யாதீர்கள். உங்கள் கிராம அலுவலர் பிரிவின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், விடுபட்ட குடும்பங்கள் எவை என்று அவர்களுடைய சம்மதத்தோடு ஒரு பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஏன் சேரவேண்டும் என்று ஒரே ஒரு வரி: தனித்த தாய், நோயாளி, தொழில் இல்லை, வீட்டுத்திட்டக் கடன். சங்கத்தின் முத்திரையோடு பிரதேச செயலாளருக்கு ஒரு பிரதி, மாவட்டச் செயலகத்துக்கு ஒரு பிரதி, உங்கள் பகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு பிரதி கொடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு உயர்தரம் படிக்கிற பிள்ளை ஒன்றைக் கூட்டத்தில் இருத்தினால் ஒரு பின்னேரத்தில் எல்லோருடைய மேன்முறையீட்டையும் எழுதி முடித்துவிடலாம்.