மெட்டபோலைட் = வளர்சிதைமாற்றப் பொருள்

'மாற்றம்' எனப் பொருள்படும் 'மெட்டபொலே' என்ற கிரேக்கச் சொல்லே இதன் வேர். மெட்டபாலிசத்துக்கு வளர்சிதைமாற்றம் என்ற சொல் தமிழில் நிலைத்துவிட்டது. ஆகவே அதில் உண்டாவதை வளர்சிதைமாற்றப் பொருள் என்பதே முறை. சிலர் 'சிதைவுப் பொருள்' என்று எழுதுகிறார்கள், அது தவறு. வெளிச்சத்திலும் ஈரத்திலும் மருந்து கெட்டு உண்டாவதே சிதைவுப் பொருள். உடலின் நொதிகளோ மருந்தைச் சிதைப்பதோடு நிற்பதில்லை, குளுக்குரோனிக் அமிலம் போன்றவற்றை அதனுடன் பிணைத்துப் பெரிதாக்கவும் செய்கின்றன.

இந்த மாற்றம் மருந்து மூலக்கூறின் நிறையில் தெரியும் (இங்குள்ள எண்கள் டால்டன் என்ற அணுநிறை அலகில்). ஓர் ஆக்சிஜன் சேர்ந்தால் 15.995 கூடும். மீத்தைல் நீங்கி அங்கே ஹைட்ரஜன் வந்தால் 14.016 குறையும். குளுக்குரோனிக் அமிலம் பிணைந்து குளுக்குரோனைடானால் 176.032, சல்பேட்டானால் 79.957 கூடும்.

ஆய்வகத்தில் மருந்தைக் கல்லீரல் மைக்ரோசோம்களுடனும் (நொதிகள் கொண்ட கல்லீரல் செல் நுண்துகள்கள்), அந்த நொதிகள் இயங்கத் தேவையான என்ஏடிபிஎச் துணைநொதியுடனும் 37 டிகிரி செல்சியஸில் வைத்து, குளிர்ந்த அசிட்டோநைட்ரைல் ஊற்றி வினையை நிறுத்துவார்கள். புரதம் படிந்ததும் மையவிலக்கில் சுற்றி, தெளிந்த நீர்மத்தை, கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக வெளிவிடும் வண்ணப்பிரிகைக் கருவிக்குள் செலுத்துவார்கள். வெளிவரும் ஒவ்வொரு பொருளும் வரைபடத்தில் ஒரு முகடாக எழும். துணைநொதி சேர்க்காத ஒப்பீட்டு மாதிரி கட்டாயம் வேண்டும். அதிலும் அதே அளவில் தோன்றும் முகட்டை நொதியின் விளைவு என்று கொள்ள முடியாது.

கோடீன் என்ற வலிநீக்கி மருந்தை எடுத்துக்கொள்வோம். புரோட்டான் ஏற்ற கோடீனின் நிறை 300.159. மீத்தைல் இழந்தால் 286.144. ஆனால் ஆக்சிஜனிலிருந்து மீத்தைல் போனால் மார்ஃபின், நைட்ரஜனிலிருந்து போனால் நார்கோடீன். இரண்டுக்கும் நிறை ஒன்றே. மூலக்கூறுகளை அயனிகளாக்கி நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானி எவ்வளவு நுண்ணியதானாலும் நிறையை மட்டும் வைத்து இவற்றைப் பிரித்தறியாது. வண்ணப்பிரிகைக் கருவியின் வழக்கமான சி18 தம்பத்தில் (பொருள்களைப் பிரிக்கும் குழாய்) மார்ஃபின் முன்னதாகவும் நார்கோடீன் பிந்தியும் வெளிவரும். அந்த நேர வேறுபாட்டோடு மூலக்கூறு உடைந்து தரும் துண்டுகளையும் பார்த்து, தூய மாதிரியுடன் ஒப்பிட்ட பிறகே பெயர் சூட்டலாம்.

ஏமாறக்கூடிய இன்னொரு இடம், நிறமாலைமானியில் மூலக்கூறுகளை அயனியாக்கும் பகுதி. மார்ஃபின் குளுக்குரோனைடு அங்கேயே உடைந்து 286.144 காட்டும், பார்ப்பவர் புதுப்பொருள் என்று எண்ணிவிடுவார். அதே நொடியில் 462.176 முகடும் எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் அது குளுக்குரோனைடின் துண்டுதான். குளுக்குரோனைடைப் பிளக்கும் பீட்டா குளுக்குரோனிடேஸ் நொதி சேர்த்தபின் 462.176 முகடு மறைந்து மார்ஃபின் முகடு உயர்ந்தால் ஐயமில்லை.