கோப்பு வரிசை மாறினால் விடை மாறலாமா?

2019-இல் ஹவாய் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் ஒரு விசித்திரமான சிக்கலைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சயனோபாக்டீரியா என்ற நீலப்பசும் நுண்ணுயிரிகளிலிருந்து பிரித்தெடுத்த சேர்மங்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். மூலக்கூறின் அமைப்பை அறிய உதவும் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு (NMR) எண்களைக் கணிக்க, 2014-இல் வெளியாகிப் பலரும் கையாண்டுவந்த நிரல் ஒன்றை ஓட்டினார்கள்; அது பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதப்பட்டது. தரவும் ஒன்றுதான், நிரலும் ஒன்றுதான். ஆனால் விண்டோஸ் இயங்குதளம் ஒரு விடை தந்தது, லினக்ஸ் வகையான உபுண்டு வேறொன்று தந்தது. மேக்கிலோ பழைய பதிப்பின் விடையும் புதிய பதிப்பின் விடையும் ஒத்துப்போகவில்லை.

காரணம் மிகச் சிறியது. ஒரு கோப்புறையில் இருக்கும் கோப்புகளைத் தேடித் தரச் சொன்னால், அவற்றை எந்த வரிசையில் தரும் என்று பைத்தான் உறுதி கூறுவதில்லை. இயங்குதளம் எப்படிக் கொடுக்கிறதோ அப்படியே தந்துவிடும். கோப்புகள் பெயர் வரிசையில்தான் வரும் என்று நம்பி அந்த நிரல் எழுதப்பட்டிருந்தது. பட்டியலை வரிசைப்படுத்தும் கட்டளையைச் சேர்த்ததும் சிக்கல் தீர்ந்தது.

ஐந்து ஆண்டுகள் இது கண்ணில் படாததற்குக் காரணம், விடைகள் எல்லாமே நம்பும்படி இருந்ததுதான். டிக்கெட் பதிவு செய்யும் செயலி கெட்டுப்போனால் திரை உறைந்துவிடும், மக்கள் சத்தம் போடுவார்கள். அறிவியல் நிரல் தவறினாலோ இன்னொரு எண் வரும், அவ்வளவுதான். அந்த எண் கட்டுரையில் ஏறி, அடுத்தவர் ஆய்வுக்கு அடித்தளமாகிவிடும். அதனால்தான் நிரலை எழுதியவரின் கவனத்தை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் தானாக ஓடும் சோதனைகள் தேவைப்படுகின்றன.

சோதனை என்பதும் ஒரு சிறு நிரல்தான். தெரிந்த உள்ளீட்டைக் கொடுத்து, வரும் விடையை எதிர்பார்த்த விடையோடு ஒப்பிடும். பைத்தானில் பைடெஸ்ட் என்ற கருவி இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. ‘டெஸ்ட்’ என்று பெயர் தொடங்கும் கோப்புகளையும் செயற்கூறுகளையும் அதுவே தேடி ஓட்டி, எது தேறியது, எது தவறியது என்று சொல்லும்.

கருவியைப் பழகுவது எளிது. எதிர்பார்த்த விடைக்கு எங்கே போவது என்பதுதான் கடினமான கேள்வி. விடை முன்பே தெரிந்திருந்தால் நிரலே எழுதியிருக்க மாட்டோமே! இதற்குச் சில வழிகள் உண்டு. சூத்திரத்தால் தீர்க்கக்கூடிய எளிய நிலையை முதலில் கொடுத்துப் பார்க்கலாம். 1 மீட்டர் நீள ஊசல் சிறு கோணத்தில் ஆடினால் அலைவு நேரம் சுமார் 2.01 விநாடி; நம் நிரலும் அதைச் சொல்ல வேண்டும். கோள்களின் ஓட்டத்தைக் கணிக்கும் நிரல் என்றால், மொத்த ஆற்றல் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கலாம். இயக்கத்தைச் சிறு சிறு கால இடைவெளிகளாகக் கணக்கிடும் நான்காம் படி ருங்கே–குட்டா முறையில் அந்த இடைவெளியைப் பாதியாக்கினால் பிழை ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் எங்கோ ஒரு கெழு தவறியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, ஏனென்றால் மேலோட்டமாகப் பார்த்தால் புலப்படாத தவறுகளையும் பிடித்துவிடும்.

விடையே தெரியாவிட்டாலும் எது மாறக் கூடாது என்பது தெரியும். கோப்புகளை வேண்டுமென்றே கலைத்துக் கொடுத்து, விடை அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும் நாலு வரிச் சோதனை அந்த வேதியியல் நிரலின் பிழையை முதல் நாளே காட்டியிருக்கும்.

ஒப்பிடும்போது ‘சமம்’ என்று கேட்கக் கூடாது. கணினி இரும எண்களில் கணக்கிடுவதால் 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 வரும். கூட்டும் வரிசை மாறினாலே கடைசி இலக்கங்கள் மாறும். அதனால் ஒரு பிழை வரம்புக்குள் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம். பைத்தானில் எண் கணக்கீட்டுக்கான ஆயத்த நிரல் தொகுப்பான நம்பை (NumPy) நூலகத்தில் சோதனைகளுக்கென்றே உள்ள ஒப்பீட்டுக் கருவி (assert_allclose), நாம் வேறெதுவும் சொல்லாவிட்டால் கோடியில் ஒரு பங்கு வித்தியாசத்தை அனுமதிக்கிறது. சோதனை தவறும்போதெல்லாம் இந்த வரம்பைத் தளர்த்திக்கொண்டே போகும் பழக்கம் ஆபத்தானது. கணிப்பு முறையின் பிழை எவ்வளவு இருக்கலாம் என்று கணக்குப் போட்டு வரம்பை வைக்க வேண்டும்.

இனி இதைத் தானியங்கியாக்குவது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருக்கும் நிரல் என்றால், அதன் ஆக்‌ஷன்ஸ் வசதிக்கு எதை எப்போது ஓட்ட வேண்டும் என்று சொல்லும் ஒரு சிறு யாமல் (YAML) கோப்பு எழுதினால் போதும். யாராவது மாற்றத்தை அனுப்பியதும் உபுண்டு, விண்டோஸ், மேக் மூன்றிலும், நாம் குறிப்பிட்ட பைத்தான் பதிப்புகள் ஒவ்வொன்றிலும் புதிதாக நிறுவிச் சோதனைகள் ஓடும். எல்லோருக்கும் திறந்துவைத்த நிரல்களுக்கு இதற்குக் கட்டணம் இல்லை. சமவாய்ப்பு எண்களைப் பயன்படுத்தும் நிரலானால் தொடக்க விதையை, அதாவது அந்த எண் வரிசை பிறக்கும் முதல் எண்ணை, நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சோதனை ஒரு நாள் தேறும், மறுநாள் தவறும். பிறகு யாரும் அதை மதிக்க மாட்டார்கள். மணிக்கணக்கில் ஓடும் சோதனைகளைப் பிரித்து இரவுக்குத் தள்ளிவிடலாம்.

நம் நிரலில் ஒரு வரியும் மாறாமலே கூட அது உடையலாம், ஏனெனில் அது சார்ந்திருக்கும் நூலகங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. நம்பை 2.0 ஜூன் 2024-இல் வந்தபோது பல பழைய பெயர்களும் சில எண் வகை விதிகளும் மாறின. அதனால் வாரம் ஒரு முறையாவது, யாரும் எதையும் மாற்றாவிட்டாலும், சோதனைகளை ஓடவிட வேண்டும். இன்னும் வெளிவராத பதிப்புகளோடும் சேர்த்து ஓட்டினால், வெளியீட்டுக்கு முன்பே நம் நிரலைத் திருத்தலாம். சிக்கல் நூலகத்தின் பக்கம் இருந்தால் அதை உருவாக்குபவர்களுக்குச் சொல்லவும் நேரம் இருக்கும்.