பைனாகுலரை உங்கள் கண்ணோடு ஒப்பிட்டு வாங்குங்கள்

பறவை பார்க்கிறவர்கள் என்னிடம் வந்து சொல்கிற புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "பைனாகுலரில் கொஞ்ச நேரம் பார்த்தாலே தலை வலிக்கிறது. பவர் ஏறிவிட்டதோ என்னவோ, பாருங்கள்." கண் பரிசோதனை செய்து கண்ணாடி எழுதித் தருவது என் வேலை. பரிசோதித்தால் பலருக்குப் பவர் அப்படியேதான் இருக்கும். அடுத்த முறை பைனாகுலரையும் எடுத்துவாருங்கள் என்பேன். ஒன்று, கருவியில் கோளாறு இருக்கும். இல்லையென்றால், நல்ல கருவியாகவே இருந்தும் அந்தக் கண்களுக்கு ஒத்துவராததாக இருக்கும்.

எட்டு மடங்கா பத்து மடங்கா, இந்த நிறுவனமா அந்த நிறுவனமா என்று நாள்கணக்கில் ஒப்பிட்டுத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். அந்தக் கருவி தன் கண்ணுக்குப் பொருந்துகிறதா என்பதை மட்டும் பார்ப்பதில்லை. முதலில் பார்க்க வேண்டியதே அதுதான்.

பெட்டியில் 8×42 என்று போட்டிருந்தால், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மி.மீ. என்று அர்த்தம். இது பலருக்கும் தெரியும். நான் பார்ப்பது, இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கிடைக்கும் விடையை. 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. கருவியிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் அத்தனை மில்லிமீட்டர். 10×42இல் இது 4.2, 8×32இல் 4, சட்டைப்பையில் அடங்குகிற 10×25இல் வெறும் 2.5.

இதை உங்கள் கண் பாப்பாவோடு ஒப்பிட வேண்டும். நல்ல வெயிலில் பாப்பா 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். மங்கலான வெளிச்சத்தில் இளம் வயதினருக்கு 7 மி.மீ. வரை விரியும். வயது ஏற ஏற அந்த விரிவு குறையும். அறுபதைத் தாண்டிய பலருக்கு 5 மி.மீ.க்கு மேல் போகாது. அவர்கள் 7×50 வாங்கினால், வருகிற 7 மி.மீ. கற்றையில் ஓரத்து ஒளி கண்ணுக்குள் நுழையவே நுழையாது. கனத்தைச் சுமப்பதுதான் மிச்சம். மறுபக்கம், 2.5 மி.மீ. கற்றை பகலில் போதும் என்று கணக்கு சொன்னாலும் பழக்கத்தில் சிரமம் தரும். கண் இம்மி நகர்ந்தாலும் படம் இருண்டுவிடும். அது மட்டுமில்லை. கண்ணுக்குள் மிதக்கும் சின்னத் தூசி, நூல் மாதிரியான நிழல்கள் சாதாரணமாகத் தெரியாதவர்களுக்கும், மெல்லிய ஒளிக்கற்றையில் பார்க்கும்போது வானத்தின் பின்னணியில் தெளிவாகத் தெரியும். லென்ஸில் அழுக்கு என்று துடைத்துக்கொண்டே இருப்பார்கள். பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் விடியற்காலையையும் சேர்த்து யோசித்தால், 4 முதல் 5 மி.மீ. வரை உள்ள கருவிதான் பெரும்பாலானவர்களுக்குச் சரி.

இந்தக் கற்றையை நீங்களே பார்க்கலாம். சூரியன் இல்லாத திசையில் வெளிச்சமான வானத்தை நோக்கிப் பைனாகுலரைக் கைநீட்டிப் பிடித்து, கண் வைக்கிற பக்கத்தைப் பாருங்கள். இரண்டு வெளிச்ச வட்டங்கள் தெரியும். ஓரம் கறுக்காமல் முழு வட்டமாக இருந்தால் உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டியான பிரிசம் நல்லது. சதுரம் மாதிரி வெட்டுப்பட்டு, ஓரம் சாம்பலாகத் தெரிந்தால் அங்கே சிக்கனம் பிடித்திருக்கிறார்கள். கூடவே ஒரு ஸ்கேலை வைத்து அந்த வட்டத்தை அளந்து, முன் லென்ஸின் விட்டத்தை அதால் வகுத்தால் உண்மையான உருப்பெருக்கம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். 30×60 என்று அச்சிட்டு வருகிற கையடக்க மடக்கு பைனாகுலர்களை இப்படி அளந்து பாருங்கள். முன் லென்ஸே 60 மி.மீ.க்குக் கிட்ட வராது.

சரி, எட்டா பத்தா? என் பதில் எட்டு. பத்து மடங்கு பறவையைப் பெரிதாக்கும்போது கை நடுக்கத்தையும் பத்து மடங்காக்குகிறது. பார்வைப் பரப்பும் சுருங்குகிறது: 1000 மீட்டர் தொலைவில் எட்டு மடங்குக் கருவி சுமார் 130 மீட்டர் அகலத்தைக் காட்டினால், பத்து மடங்கு 110 மீட்டர் அளவுக்குத்தான் காட்டும். இலைக்கு இலை தாவுகிற கதிர்க்குருவியைப் பிடிக்க அந்த அகலம் வேண்டும். சேற்றுத் திட்டில் நிற்கும் உள்ளான்களை மட்டுமே பார்ப்பவர், கையும் திடமாக உள்ளவர் என்றால் பத்து வாங்கலாம். ஜூம் பைனாகுலர் வேண்டவே வேண்டாம். இரண்டு குழல்களும் எல்லா மடங்கிலும் ஒன்றுபோல நகர்வது கடினம், பார்வைப் பரப்பும் குறுகலாக இருக்கும்.

கண்ணாடி போடுகிறவர்கள் விசாரிக்க வேண்டிய எண் வேறு. ஐ ரிலீஃப் என்று விவரப் பட்டியலில் இருக்கும். கருவியின் கடைசி லென்ஸிலிருந்து எத்தனை மி.மீ. வரை கண் தள்ளி இருந்தால் முழுப் படமும் தெரியும் என்பதுதான் அது. கண்ணாடி அணிந்தவர்களுக்கு இது 15, 16 மி.மீ.யாவது இருக்க வேண்டும். கனமான கண்ணாடி என்றால் இன்னும் கூடுதலாக. குறைவாக இருந்தால் ஒரு சின்ன வட்டத்துக்குள் எட்டிப் பார்ப்பது போலத்தான் தெரியும். கண்ணாடியோடு பார்க்கும்போது ரப்பர் ஐ கப்பை உள்ளே திருகிவிடுங்கள், கழற்றிவிட்டுப் பார்த்தால் வெளியே திருகுங்கள். வெளியே இழுக்காமல் வெறும் கண்ணை ஒட்டி வைத்தால் படத்தில் கறுப்பு நிழல்கள் வந்து வந்து போகும். அதைக் கண் நோய் என்று பயந்து வந்தவர்கள் உண்டு.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் என்றால் ஃபோகஸ் சக்கரமே சரிசெய்துவிடும், பவர் மிக அதிகமாக இல்லாத வரை. உங்கள் சீட்டில் சிலிண்டர் பவர், அதாவது கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல இல்லாததற்கான பவர், எழுதியிருந்தால் கதை வேறு. அதை எந்தப் பைனாகுலரும் சரிசெய்யாது. சிலிண்டர் கணிசமாக இருந்தால் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமாகப் பவர் மாறிக்கொண்டே போகும் புரோகிரசிவ் லென்ஸ் போட்டிருப்பவர்கள் அதன் மேல்பகுதி வழியாகப் பார்க்கும்படி பைனாகுலரைப் பிடியுங்கள்.

அப்புறம் டயாப்டர் வளையம். பெரும்பாலும் வலது கண் பக்கத்தில் இருக்கும். நம் இரண்டு கண்களுக்கும் பவர் ஒன்றாக இருப்பது அபூர்வம். அந்த வித்தியாசத்தை ஈடுகட்டத்தான் அது இருக்கிறது. வாங்கிய நாள் முதல் அதைத் தொடாதவர்களே அதிகம். வலது முன் லென்ஸைக் கையால் மூடிக்கொண்டு, தூரத்தில் இருக்கும் ஒரு பெயர்ப்பலகையை இடது கண்ணால், நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடது லென்ஸை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வளையத்தை மட்டும் திருப்பி வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். மூடிய பக்கத்துக் கண்ணையும் திறந்தே வையுங்கள். இடுக்கிக்கொண்டால் அளவு தப்பும். வளையம் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சில மாதம் கழித்து அதே இடத்தில் தெளிவு வரவில்லை, வளையமும் நகரவில்லை என்றால், அப்போது கண் பரிசோதனைக்கு வாருங்கள்.

கண்புரை அறுவை செய்து ஒற்றைக் குவிய லென்ஸ் வைத்துக்கொண்டவர்களின் கண்ணுக்குத் தானாக ஃபோகஸ் மாற்றும் திறன் இருக்காது. வயதானவர்களுக்கும் அது மிகக் குறைவு. இவர்கள் 'ஃபோகஸ் செய்யவே வேண்டாம்' என்று விற்கப்படும் கருவிகளைத் தவிர்க்க வேண்டும். அவை அந்த வேலையை முழுக்கக் கண்ணின் தலையில் கட்டுகிறவை.

குழந்தைகளுக்கு வாங்கும்போது கண்களுக்கு இடையிலான தூரத்தைப் பாருங்கள். பெரியவர்களுக்கான பல பைனாகுலர்களை மடக்கினால் 56 மி.மீ. வரைதான் குறுகும். சிறு பிள்ளைகளின் கண்கள் அதைவிட நெருக்கம். ஒரே கண்ணால் பார்த்துக்கொண்டு, தெரிகிறது என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். நாம்தான் கவனிக்க வேண்டும்.

தலைவலிக்கு வருகிறேன். கீழே விழுந்த பைனாகுலரில் லென்ஸ் உடையாவிட்டாலும் உள்ளே பிரிசம் இம்மி நகர்ந்திருக்கும். இரண்டு குழல்களும் ஒரே இடத்தைப் பார்க்காது. பக்கவாட்டில் சிறிது விலகினால் கண்கள் சமாளித்துவிடும், ஏனென்றால் உள்நோக்கித் திரும்புவது அவற்றுக்குப் பழக்கம். ஒரு படம் மேலும் ஒரு படம் கீழுமாக விலகினால் அவற்றால் முடியாது. இழுத்துப் பிடித்து ஒட்டவைக்கப் பார்க்கும், அதில்தான் வலியும் குமட்டலும். தூரத்து மொட்டைமாடி விளிம்பு மாதிரி ஒரு கிடைக்கோட்டைப் பார்த்தபடி, பைனாகுலரை மெல்லக் கண்ணிலிருந்து ஒரு சாண் பின்னுக்கு இழுங்கள். இரண்டு வட்டங்களிலும் கோடு ஒரே உயரத்தில் ஓட வேண்டும். படி மாதிரி ஏறி இறங்கினால், அது புதுக் கருவியாக இருந்தாலும் வாங்காதீர்கள். பழையது என்றால் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

பூச்சுகளைப் பற்றி ஒன்று: பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு பைனாகுலரில் அப்படிப் பல பரப்புகள் இருப்பதால், எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். கண்ணாடி போலச் சிவப்பாக மின்னும் முன் லென்ஸ் அழகுக்கு மட்டும்தான். சிவப்பு ஒளியை வெளியே தள்ளுவதால் பறவையின் நிறமே மாறித் தெரியும்.

எந்தக் கருவியாக இருந்தாலும் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள். வட்டமிடும் பருந்தைத் தொடரும்போது இது மிக எளிதாக நடந்துவிடுகிறது. விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டது அப்போது உறைக்காது. சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவில் ஒரு மங்கல் அல்லது கரும்புள்ளி தெரியும். சிலருக்கு மெல்ல ஓரளவு குறையும், சிலருக்கு நிரந்தரமாகிவிடும். பலன் உறுதியான சிகிச்சை எதுவும் இல்லை. கிரகணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைனாகுலரில் சூரியனைப் பார்ப்பது இன்னும் ஆபத்து. குவிந்து வரும் ஒளி அந்தக் கண்ணாடியையே பொசுக்கிவிடும். வடிகட்டி முன் லென்ஸுக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். பருந்து சூரியனை நெருங்கினால் உடனே பைனாகுலரை இறக்கிவிடுங்கள், பறவையைத் தவறவிட்டாலும் பரவாயில்லை. தவறிப் பார்த்துவிட்டு நடுவில் மங்கல் தெரிந்தால், அன்றே கண் மருத்துவரிடம் விழித்திரையைக் காட்டுங்கள்.