பிளாஸ்டோமா: வெடியல்ல, குருத்து

"பிளாஸ்ட்டுன்னா வெடிதானேண்ணே? புள்ள நெஞ்சுக்குள்ள வெடிச்சிருமா?"

மூக்கையூரில் ஒரு தாய் கேட்டார். கையில் மதுரையிலிருந்து வாங்கி வந்த திசு ஆய்வு அறிக்கை. அதில் இருந்த பெயர் 'ப்ளூரோபல்மனரி பிளாஸ்டோமா'. அந்தக் கடைசிச் சொல் அவரை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை.

வெடிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கிரேக்கத்தில் 'பிளாஸ்தோஸ்' என்றால் முளை, தளிர். 'ஓமா' கட்டியைக் குறிக்கும் ஈறு. 'ப்ளூரா' முதலில் விலாப்பக்கம். பிறகு நுரையீரலைப் போர்த்தியிருக்கும் உறைக்குப் பெயரானது. 'பல்மோ' லத்தீனில் நுரையீரல்.

ஏன் முளை? சாயல்குடிப் பக்கம் பொங்கலுக்குப் பனங்கிழங்கு தின்றவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. அவித்த கிழங்கை நெடுக்காகப் பிளந்தால் நடுவே வெளிறிய, மெல்லிய குருத்து இருக்கும். ஓலை, மட்டை, மரம் எல்லாம் அதிலிருந்துதான் வரவேண்டும்; இன்னும் எதுவாகவும் ஆகவில்லை. கருவில் நுரையீரலும் அப்படியொரு பருவத்தைக் கடந்துதான் உருவாகிறது. முதிர வேண்டிய செல்கள் அந்தப் பருவத்திலேயே நின்று, அடங்காமல் பெருகினால் அது பிளாஸ்டோமா.

ப்ளூரோபல்மனரி பிளாஸ்டோமா, குழந்தைகளுக்கு வரும் மிக அரிய புற்றுநோய். தனி நோயாக இது விவரிக்கப்பட்டது 1988இல். முதல் வகை, பெரும்பாலும் காற்று நிறைந்த மெல்லிய பைகளாக இருக்கும். கைக்குழந்தைகளிடம் காண்பது பெரும்பாலும் இதைத்தான். இரண்டாம் வகையில் பையும் கெட்டித்த சதையும் கலந்திருக்கும். மூன்றாவது முழுக்கக் கெட்டி. முதல் வகை மற்ற இரண்டாக மாறக்கூடும் என்பதால்தான் நாள் கடத்தக்கூடாது. ஸ்கேன் படத்தில் பார்த்தால் தீங்கில்லாத பிறவி நுரையீரல் நீர்ப்பை போலவே தெரியும். நுண்ணோக்கியில்தான் வேறுபாடு: பையின் உள்தோலுக்கு அடியில் சின்னஞ்சிறு இளஞ்செல்கள் வரிசையாக நெருங்கி நிற்கும், இடையிடையே குருத்தெலும்புத் திட்டுகளும் இருக்கலாம்.

பல குழந்தைகளுக்கு 'டைசர்1' மரபணுவின் பழுதே அடிப்படை என்று 2009இல் தெரிந்தது. நீண்ட ஆர்என்ஏ இழைகளைத் துண்டு துண்டாக நறுக்கும் நொதியை உண்டாக்குவது இந்த மரபணு. செல் முதிர்வதை நெறிப்படுத்துபவை அந்தத் துண்டுகளே. இப்பழுது பரம்பரையாகவும் வரலாம். ஆகவே வீட்டில் மற்றவர்களையும் சோதிக்கச் சொல்வார்கள்.

இனி தமிழ்ச்சொல். 'முளைக்கட்டி' நேர்ப்பொருள்தான், ஆனால் எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரு நெடில் தவறினால் 'மூளைக்கட்டி' ஆகிவிடும். மருத்துவத்தாளில் அந்தப் பிழை வரவே கூடாது. 'குருத்துக்கட்டி' என்பதே என் தேர்வு. குருத்தணு (ஸ்டெம் செல்), குருத்தெலும்பு என்று அதற்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் உண்டு. முழுப்பெயர் 'நுரையீரல் உறைக் குருத்துக்கட்டி'. 'உறை'யை விட்டுவிடக்கூடாது, பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும் 'பல்மனரி பிளாஸ்டோமா' வேறு நோய்.

அறிக்கையின் ஓரத்தில் அந்தப் பெயரைப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்தார். பிறகு கேட்டார்: "நம்ம புள்ளைக்கு எத்தனாவது வகைண்ணே?"

முதல் வகை என்றுதான் போட்டிருந்தது.