கூட்டுப்பூவும் தாத்தாப்பூவும்

நன்றாக விளைந்த ஒரு சூரியகாந்தியைக் காட்டி இதில் எத்தனை பூ என்று கேட்டால், பார்ப்பவர் ஒன்று என்பார். தாவரவியல் தெரிந்தவர் ஆயிரத்துக்குக் குறையாது என்பார். இரண்டாமவர் சொல்வதே சரி. நாம் பூ என்று அழைப்பது அங்கே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் சின்னஞ்சிறு பூக்களின் கூட்டம். அதற்குத்தான் கூட்டுப்பூ என்று பெயர். வழியோரக் களைகளில் எது சூரியகாந்தியின் குடும்பம் என்று இனம்காண விரும்புகிறவர் முதலில் இந்தச் சொல்லைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

இந்தக் குடும்பத்தின் பழைய லத்தீன் பெயர் கம்பாசிட்டே. ஒன்றுசேர்த்து வைக்கப்பட்டது என்பது அதன் பொருள். ‘கம்’ என்றால் சேர்த்து, ‘போனெரே’ என்றால் வைத்தல். பல கழிவுகளைச் சேர்த்து மக்கவைக்கும் கம்போஸ்ட் உரமும், ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்த பழைய அச்சகத்துக் கம்போசிங்கும் இதே வேரிலிருந்து வந்தவை. அச்சுக்கோப்பு என்று நாம் தமிழாக்கிக்கொண்டது போல இதைப் பூக்கோப்பு என்றுகூடச் சொல்லியிருக்கலாம். பொருள் துல்லியமாகவே பொருந்தும்.

கம்பாசிட்டே என்ற பெயர் 1792இல் கீசெக்கே என்ற ஜெர்மானியத் தாவரவியலாளரால் நிலைபெற்றது. 1820இல் அஸ்டரேசி என்ற இன்னொரு பெயர் வந்தது. ஒரு பேரினத்தின் பெயரோடு ‘ஏசி’ என்ற ஈற்றைச் சேர்த்துக் குடும்பத்துக்குப் பெயர் வைப்பதுதான் பொது விதி. அதன்படி அஸ்டர் என்ற பேரினத்திலிருந்து பிறந்த பெயர் இது. புல், பனை, அவரை முதலிய எட்டுக் குடும்பங்களுக்கு மட்டும் பழைய பெயரையும் வைத்துக்கொள்ளலாம் என்று பெயரிடல் விதிகள் சலுகை தந்திருக்கின்றன. கம்பாசிட்டே அந்த எட்டில் ஒன்று. எனவே நூல்களில் இரண்டில் எதைக் கண்டாலும் குழம்ப வேண்டியதில்லை.

அஸ்டர் என்றால் கிரேக்கத்தில் விண்மீன். இதே குடும்பத்துப் பூவான டேய்சியின் ஆங்கிலப் பெயரும் வானத்தைத்தான் பார்க்கிறது. ‘பகலின் கண்’ என்ற பழைய ஆங்கிலத் தொடர் சுருங்கிச் சுருங்கி அப்படியானது. காலையில் விரிந்து இரவில் மூடிக்கொள்ளும் பூ அது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் குடும்பத்தை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்தவர் அலெக்சாந்தர் ஹென்றி காப்ரியேல் தெ காசினி. சனிக்கோளின் வளையத்தில் உள்ள இடைவெளிக்குப் பெயர் தந்த காசினியின் வழிவந்தவர். முன்னோர் நான்கு தலைமுறையாகப் பாரிஸ் வானாய்வகத்தில் விண்மீன்களைப் பார்த்தார்கள். இவரோ தரையில் பூத்த விண்மீன்களைப் பார்க்கப் போய்விட்டார்.

கவித்துவத்தில் அஸ்டரேசி வெல்லலாம். ஆனால் இனம்காண உதவுவது கம்பாசிட்டேதான். சுற்றிலும் கதிர் விரிந்து விண்மீன் போலத் தோன்றும் பூக்கள் இந்தக் குடும்பத்தில் ஒரு பகுதி மட்டுமே. மருக்கொழுந்துக்கு அப்படிக் கதிர் இல்லை, கொட்டைக்கரந்தைக்கும் இல்லை. நம் பாடநூல்கள் சொல்லும் சூரியகாந்திக் குடும்பம் என்ற பெயரிலும் இதே இடைஞ்சல். அதைக் கேட்டவர் அகன்ற மஞ்சள் பூவைத் தேடிக்கொண்டு போவார். காலடியில் இருக்கும் சீதேவியார் செங்கழுநீரின் ஊதாப் பொட்டுகளைத் தாண்டிப் போய்விடுவார். 24,000க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட குடும்பத்துக்கு ஒரே ஓர் உறுப்பினரின் முகத்தை அடையாளமாக மாட்டினால் இப்படித்தான் ஆகும். கூட்டுப்பூக் குடும்பம் என்பதே என் தேர்வு.

அந்தச் சொல்லிலும் ஒரு பள்ளம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டிலை என்றால் ஓர் இலை பல சிற்றிலைகளாகப் பிரிந்து நிற்பது. கூட்டுப்பூ என்றால் பல பூக்கள் சேர்ந்து ஒன்றுபோல் நிற்பது. ஒரே ‘கூட்டு’, இரண்டு எதிர்த்திசைகள். கூட்டிலையோடு ஒப்பிடாமல் கூட்டுக்குடும்பத்தோடு ஒப்பிட்டால் வழுக்காது.

இந்தக் கூட்டம் முழுவதற்கும் தாவரவியலில் சிரமஞ்சரி, தலைமஞ்சரி என்று பெயர். ‘சிறு தலை’ என்ற பொருளுடைய லத்தீன் சொல்லைப் பின்பற்றிய ஆக்கங்கள். பூங்கொத்தைக் குறிக்கும் மஞ்சரி வேண்டாம் என்பவர்களுக்கு அதே பொருளில் இணர் இருக்கிறது. திருக்குறளிலேயே ‘இணரூழ்த்தும் நாறா மலர்’ என்று வருகிறது. ஆகவே தலையிணர் என்று சொல்லலாம், பிழையில்லை. ஆனால் பூந்தலை என்றால் விளக்கம் இல்லாமலே விளங்கும். இங்கே அதையே பயன்படுத்துகிறேன்.

இனி ஒரு பூந்தலையைப் பிரித்துப் பார்ப்போம். வெட்டுக்காயப்பூண்டு, மூக்குத்திப்பூ, தாத்தாப்பூ என்றெல்லாம் பெயர் பெற்ற செடி இதற்கு வசதியானது. வெப்ப நாடுகள் எங்கும் பரவிய களை. தரையோடு படர்ந்து, நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைத் தலையைத் தூக்கி நிற்கும். அதைக் கிள்ளி, நகத்தால் நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளக்க வேண்டும். வெளியே பச்சையாக, மயிரடர்ந்த சிறு செதில்கள் கிண்ணம் போலச் சூழ்ந்திருக்கும். பலரும் இதைப் புல்லிவட்டம், அதாவது தனிப் பூவின் வெளி அடுக்கு, என்று நினைத்து ஏமாறுகிறார்கள். இவை பூவடிச்செதில்கள், முழுக் கூட்டத்துக்கும் பொதுவான போர்வை. விளிம்பில் வெளிர்மஞ்சளாகப் பெரும்பாலும் ஐந்து இதழ்கள் தெரியும். ஒன்றை மெல்ல இழுத்தால் இதழ் மட்டும் வராது. அடியில் குட்டிக் குழலும் அதற்கும் கீழே சூல்பையும் சேர்ந்து வரும். ஆக, இதழென்று எண்ணியதே ஒரு முழுப் பூ. நுனியில் பற்கள் போன்ற வெட்டு இருக்கும். இது கதிர்ப்பூ.

நடுவில் மஞ்சளாகத் திரண்டிருப்பவை தட்டுப்பூக்கள். ஒன்றை ஊசிமுனையில் எடுத்துக் கைலென்சில் பார்த்தால், ஐந்து பற்கள் கொண்ட சிறு குழல். அதன் வாயிலிருந்து ஒரு தூண் எட்டிப்பார்க்கும். ஐந்து மகரந்தப்பைகளும் விளிம்போடு விளிம்பு ஒட்டி ஒரே குழாயாகி நிற்பதுதான் அந்தத் தூண். மகரந்தம் குழாயின் உட்பக்கம் கொட்டும்; உள்ளிருந்து வளரும் சூல்தண்டு, பிச்சாங்குழலின் தண்டு போல அதை மேலே தள்ளிவிட்டு, பிறகு தன் இரண்டு கிளைகளை விரிக்கும். பூக்கள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மலர்வதால், ஒரே தலையில் இந்தக் காட்சியின் எல்லாக் கட்டங்களையும் வரிசையாகப் பார்க்கலாம்.

சந்தேகம் வந்தால் நான் கடைசியாக நம்புவது இந்தக் குழாயைத்தான். தொட்டாற்சிணுங்கியின் இளஞ்சிவப்பு உருண்டையும் ஒரு பூக்கூட்டம்தான். அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் இழைகள் எல்லாம் ஒட்டாத, தனித்தனி மகரந்தத்தாள்கள். வாடாமல்லியும் உருண்டைத் தலைதான். ஆனால் அதன் நிறமெல்லாம் காகிதம் போன்ற செதில்களில் இருக்கிறது, சூல்பையும் பூவுக்குள்ளே இருக்கிறது. கூட்டுப்பூவில் சூல்பை எப்போதும் குழலுக்குக் கீழே. பொதுப் போர்வை, ஒட்டிய மகரந்தப்பைகள், கீழ்ச்சூல்பை மூன்றும் சேர்ந்தால் பிறகு ஐயமில்லை.

குடும்பம் தெரிந்ததும் அடுத்த கேள்வி, கூட்டத்தில் யார் யார் என்பது. கதிரும் தட்டும் சேர்ந்தவை உண்டு. தாத்தாப்பூவும் கரிசலாங்கண்ணியும் அப்படி. தட்டுப்பூக்கள் மட்டுமே கொண்டவை உண்டு. எல்லாமே நாக்குப்போல் நீண்ட பூக்களாக இருப்பவை மூன்றாம் வகை. டாண்டலியன் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த நாக்கின் நுனியில் ஐந்து பற்கள் இருக்கும். தண்டை ஒடித்தால் பால் வடியும். இதே வகையைச் சேர்ந்த லெட்டூஸின் பேரினப் பெயரான லாக்டுகாவிலேயே பால் என்ற லத்தீன் சொல் ஒளிந்திருக்கிறது. தோட்டத்து அடுக்குச் செவ்வந்தியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மனிதர் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததில் அதன் தட்டுப்பூக்கள் கதிர்களாக மாறிவிட்டன.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பார்த்தீனியமும் இந்தக் குடும்பம்தான். வெள்ளைப் பொட்டுப் போன்ற தலைகள், விளிம்பில் ஐந்தே ஐந்து குட்டிக் கதிர்கள். பாடம் படிக்க அழகான மாதிரி. ஆனால் பலருக்குத் தோல் அழற்சி தரும். வெறுங்கையால் பிரிக்க வேண்டாம்.

விதிக்குச் சவால் விடும் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். கொட்டைக்கரந்தையின் உருண்டை, பூந்தலைகள் பல சேர்ந்த இன்னொரு தலை. எக்கினாப்ஸ் என்ற முட்செடியிலோ ஒவ்வொரு தலைக்கும் ஒரே ஒரு பூ. அப்படிப்பட்ட தலைகள் நூற்றுக்கணக்கில் கூடி உருண்டையாகின்றன. ஒரு பூ மட்டுமே உள்ள கூட்டுப்பூ!

புல்லிவட்டம் எங்கே என்ற கேள்வி பாக்கி. ஒவ்வொரு சிறு பூவிலும் அது மயிராகவோ செதிலாகவோ உருமாறி, காய் முற்றியதும் காற்றில் பறக்க உதவுகிறது. சில செடிகளில் அறவே இல்லை. கரிசலாங்கண்ணி ஏறக்குறைய அப்படித்தான்; அதில் புல்லிவட்டம் இருந்தால்கூடப் பெயருக்குத்தான் இருக்கும். அதனால்தான் அதன் பேரினத்துக்கு எக்லிப்டா, அதாவது குறைபட்டது, என்று பெயர். கிரகணத்தைக் குறிக்கும் எக்லிப்ஸ் என்ற சொல்லும் அதே கிரேக்க வேரிலிருந்துதான் வந்தது.

இந்த மயிர்க்கற்றையைப் பாப்பஸ் என்கிறார்கள். தமிழில் குஞ்சம், தூவி இரண்டும் பொருந்தும். இறகுபோல் கிளைத்திருந்தால் தூவி, வெறும் மயிர்க்கட்டாக இருந்தால் குஞ்சம் என்று பிரித்துக்கொள்ளலாம். கிரேக்கத்தில் பாப்போஸ் என்றால் தாத்தா. நரைத்த முடி என்ற சாயலில் விதைக்குஞ்சத்துக்கும் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. வெட்டுக்காயப்பூண்டின் மஞ்சள் உதிர்ந்து, வெண்தூவி பஞ்சுத்தலையாக விரிந்து நிற்கும்போது, அதற்குத் தாத்தாப்பூ என்று பெயர் வைத்தவர்களுக்குக் கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.