தடித்த ஆயில் குடிக்கும் பெட்ரோல்

‘நம்ம ஊர் வெயிலுக்கு மெல்லிசான ஆயில் தாங்காது சார், கொஞ்சம் திக்கா ஊத்திடலாம்’ என்று மெக்கானிக் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் சூடேறிய எஞ்சினுக்குள் ஓடும் ஆயிலுக்கு ஊர் வெயில் பெரிய விஷயமே இல்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூட்டை தெர்மோஸ்டாட் என்ற வால்வு கட்டுக்குள் வைத்திருப்பதால், சென்னையானாலும் ஊட்டியானாலும் சாதாரண ஓட்டத்தில் ஆயிலின் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும்.

அந்தச் சூட்டில் ஆயில் எவ்வளவு தடிமன் என்பதைத்தான் ஆயில் கேனில் உள்ள இரண்டாவது எண் சொல்கிறது. முதல் எண் குளிர்ந்த நிலைக்கானது; அது சிறிதானால் குளிரிலும் ஆயில் எளிதாக ஓடும். 5டபிள்யூ-30 (5W-30) என்றால், 100 டிகிரியில் பாகுநிலை, அதாவது ஆயிலின் தடிமன், 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (அதை அளக்கும் அலகு) வரை. 20 என்றால் 6.9 முதல் 9.3. 50 என்றால் 16.3 முதல் 21.9. அதாவது 20 கேட்கும் எஞ்சினில் 50 ஊற்றினால் தடிமன் சுமார் இரண்டு மடங்கு.

இது பெட்ரோலை எப்படித் தின்கிறது? ஓடும் எஞ்சினில், பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் தன்னைத் தாங்கும் பேரிங்கைத் தொடுவதில்லை. நடுவில் தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலம் ஒன்று அதைத் தாங்கி நிற்கிறது. ஷாஃப்ட் சுழலச் சுழல, அந்தப் படலத்தின் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர வேண்டும். தடித்த ஆயிலில் அதற்குக் கூடுதல் விசை தேவை. அந்த விசைக்கான ஆற்றல் பெட்ரோலிலிருந்து வந்து, சக்கரத்துக்குப் போகாமல் வெறும் சூடாகக் கழிகிறது.

அப்படியானால் மெலிய மெலிய நல்லதா என்றால், அதுவும் இல்லை. 1902-இல் ஜெர்மானியப் பொறியாளர் ரிச்சர்ட் ஸ்ட்ரைபெக் பேரிங்குகளை அளந்து காட்டியது இதைத்தான். படலம் தடிமனாக இருந்தால் ஆயிலே இழுத்துப் பிடிக்கிறது. மிக மெலிந்தால் உலோகமும் உலோகமும் உரசி உராய்வு திடீரென ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவே உராய்வு மிகக் குறைவான ஓர் இடம் உண்டு. சிக்கல் என்னவென்றால், எஞ்சினின் எல்லாப் பாகங்களுக்கும் அந்த இடம் ஒரே தடிமனில் அமைவதில்லை. வேகமாகச் சுழலும் பேரிங்குக்கு மெல்லிய ஆயில் சுகம். உச்சியில் ஒரு கணம் நின்று திரும்பும் பிஸ்டனின் ரிங்குகளுக்கோ அங்கே படலமே கிழியும். அந்த இடங்களைக் காக்கத்தான் துத்தநாக, மாலிப்டினம் சேர்மங்களை ஆயிலில் கலக்கிறார்கள். முன்னது தேய்மானத்தைத் தடுக்கும் பூச்சாகிறது. பின்னது வழுக்கும் ஏடாகப் படிகிறது.

நடைமுறையில் லாபம் எவ்வளவு? 5டபிள்யூ-30 கேட்கும் எஞ்சினில், குளிரில் அதைவிடத் தடித்த 10டபிள்யூ-30 ஊற்றினால் மைலேஜ் 1 முதல் 2 சதவீதம் குறையலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 2 சதவீதம் என்றால் 16 லிட்டர். ஒரு வீட்டுக்கு இது சிறியது. ஆண்டுக்குப் பல லட்சம் கார் விற்று, அத்தனைக்கும் சேர்த்துச் சராசரி மைலேஜை அரசுக்குக் காட்ட வேண்டிய நிறுவனத்துக்கு மிகப் பெரியது. ஃபோர்டும் ஹோண்டாவும் அமெரிக்காவில் 2001 வாக்கில் 5டபிள்யூ-20-க்கு மாறியதில் இந்தக் கணக்குக்கு முக்கியப் பங்கு உண்டு.

பக்கத்துத் தெருவுக்குப் போய்வரும் காரில் தடித்த ஆயிலின் சேதம் இன்னும் அதிகம். அடுப்பிலிருந்து இறக்கிய வெல்லப்பாகு ஆற ஆற இறுகுவதுபோல ஆயிலும் சூடு தணிந்தால் தடிக்கும். நம் ஊர்க் காலை நேரத்து 30 டிகிரியில்கூட, 100 டிகிரியில் இருப்பதைவிடப் பல மடங்கு தடிமன். அது சூடேறுவதற்குள் பயணமே முடிந்துவிடுகிறது.

மைலேஜுக்கு ஆசைப்பட்டு, கையேட்டில் உள்ளதைவிட மெல்லியதை ஊற்ற வேண்டாம். பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப் எல்லாம் குறிப்பிட்ட தடிமனுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. பல டீசல், டர்போ எஞ்சின்கள் 150 டிகிரியில், படலத்தின் அடுக்குகள் மிக வேகமாக வழுக்கும்போதும் பாகுநிலை 3.5 மில்லிபாஸ்கல்-வினாடிக்குக் (தடிமனை அளக்கும் இன்னோர் அலகு) குறையாத ஆயிலைக் கேட்கின்றன. 20 தரத்துக்கு அந்தக் கீழ் வரம்பு 2.6 மட்டுமே. தேய்ந்து ஆயில் குடிக்கும் பழைய எஞ்சினில் ஒரு படி தடித்ததற்கு மாறுவதிலும் தவறில்லை, கையேடு அனுமதித்தால்.